பழைய புகைபோக்கியும் புதிய அடுப்பும்

ஊவா மலைகளிலுள்ள பழைய தோட்டப் பங்களாக்களைத் தொலைவிலிருந்து நோக்குவார்க்கு முதலிற் புலப்படுவது, கூரைக்குமேல் தடித்து நிற்கும் புகைபோக்கியாகும். கோப்பிக் காலத்திலும், 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் வந்த தேயிலைக் காலத்திலும், வெள்ளைத் துரைமார் தம் நாட்டு வழக்கப்படி வீடு சமைத்தனர். விருந்தினர் கூடும் அறையிலும், சிலவிடத்துப் படுக்கையறையிலும், சுவரைக் குடைந்து ஒரு கணப்பு வைத்தனர். பதுளை நகரம் ஏறக்குறைய 2,200 அடி உயரத்திலுள்ளது. அங்கே கணப்பின் தேவை அருகியே நேரும். பண்டாரவளை 4,000 அடியையும், அப்புத்தளை 4,700 அடியையும் ஒட்டியவை. மார்கழி, தை இரவுகளில் அங்கே வெப்பநிலை 10, 12 பாகை வரை இறங்குவதுண்டு. கற்சுவரும் உயர்ந்த முகடுமுடைய வீட்டில் அக்குளிர் எளிதிற் போவதன்று.

இப்பங்களாக்கள் இன்று பலர் கைக்கு வந்துவிட்டன. 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் மேலாண்மை கம்பனிகளிடம் சென்றது. பங்களாக்களிற் சில உல்லாச விடுதிகளாயின. சில உத்தியோகத்தர் இல்லங்களாயின. சிலவற்றை நம் பழைய மாணவர்களே வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ நடத்துகின்றனர். பல்லாண்டு மூடிக்கிடந்த கணப்புகளை, 2022 ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாடும் மின்வெட்டும் மீண்டும் திறக்கச் செய்தன. அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில் எரிவாயு உருளைகள் வெடித்த செய்திகளாலும் பலர் விறகை நாடினர். அன்று தொடங்கி ஒரு கேள்வியை நாம் அடிக்கடி கேட்கின்றோம்: “இக்கணப்பினுள் கதவுள்ள இரும்படுப்பு ஒன்றைச் செருகி வைத்தால் விறகும் மிஞ்சும், அறையும் சூடேறும் என்கின்றனரே, வைக்கலாமா?” இலக்கணம் கற்பிப்பார்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவார்க்கு, இலக்கணத்திற்போலவே இங்கும் ஓரெழுத்துப் பிழையாற் பொருள் கெடும் என்று மட்டும் சொல்லிவைப்போம். வைக்கலாம் என்பதே விடை. ஆனால் அடுப்பை மாற்றுவோர் புகை செல்லும் வழியையும் உடன் மாற்றல் வேண்டும். அவ்வாறு செய்யாது விட்டால், உறங்குவாரின் தலைக்குமேல் நெருப்பைக் கட்டித் தொங்கவிட்டது போலாகும். இதன் காரணத்தையே இங்கு விளக்கப் புகுந்தோம்.

கணப்பின் குறையை முதலில் அறிதல் நன்று. திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து அல்லது பதினைந்து பங்கே அறைக்குக் கிட்டும். எஞ்சியது புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகும். அதனோடு அறையின் சூடான காற்றும் இழுபட்டுப் போவதால், முகம் வேக முதுகு விறைக்கும் நிலை உண்டாகும். இக்குறையை நீக்க முயன்றோர் பலர். பெஞ்சமின் பிராங்கிளின் 1742 ஐ ஒட்டி இரும்பாலான கணப்பொன்றை வகுத்தார். அமெரிக்காவிற் பிறந்து ரம்பட் பிரபு எனப் பட்டம்பெற்ற பெஞ்சமின் தொம்சன், 1796 இல் வெளியிட்ட கட்டுரையில், கணப்பின் ஆழத்தைக் குறைத்துப் பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைவழியின் கழுத்தை ஏறக்குறைய 4 அங்குலமாக ஒடுக்குமாறு கூறினார். சாய்ந்த பக்கச் சுவரும் ஒடுங்கிய கழுத்தும் கொண்ட கணப்பை எங்கே காணினும் அது ரம்பட்டின் வழிவந்தது எனலாம். ஆயினும் ரம்பட் செய்தது திறந்த நெருப்பைத் திருத்தியதேயாம். நாம் பேசப்போகும் உள்ளடுப்போ மூடிய நெருப்பு. கண்ணாடிக் கதவுள்ள இரும்பு அல்லது உருக்குப் பெட்டி கணப்பின் குழியினுள் அமர்ந்து, விறகின் வெப்பத்தில் நூற்றுக்கு 60 முதல் 75 பங்கு வரை அறைக்குத் தரும்.

இந்தச் சிக்கனத்திலேதான் ஆபத்தும் ஒளிந்திருக்கின்றது. விறகு எரிதலை ஒரே செயலென எண்ணுதல் வழக்கம். உண்மையில் அது மூன்று படிகளையுடையது. முதலில் விறகிலுள்ள நீர் ஆவியாகும். அடுத்து, விறகு வெந்து வாயுக்களை வெளிவிடும். உலர்ந்த விறகின் நிறையில் நான்கிலொரு பங்கு நீங்கலாக எஞ்சியதெல்லாம் ஏறக்குறைய இவ்வாறு வாயுவாகவே போகும். நாம் சுவாலை எனக் காண்பது இவ்வாயு எரிவதையே. இறுதியில் நிற்கும் கரி தணலாய் எரியும். நடுப்படியில் வெளிவரும் வாயு முற்றாக எரிவதற்கு 600 பாகை அளவு வெப்பமும் வேண்டிய காற்றும் தேவை. இவற்றுள் ஒன்று குறையினும் அது எரியாது புகையாய் மேலெழும். ஆகவே புகையென்பது எரியாது தப்பிய விறகேயாம். தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரத்துக்கு வெப்பம் ஊட்டும் விறகடுப்பின்முன் நின்று பழகியவர்களுக்கு இது நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கூண்டிலிருந்து கரும்புகை வந்தால் அவர்கள் முதலிற் பார்ப்பது விறகின் ஈரத்தையும் காற்றின் வரவையுமே.

தப்பிய புகை குளிர்ந்த சுவரைத் தொடும்போது, சோற்றுப்பானை மூடியில் நீராவி படிவதுபோற் படியும். புகைவழியின் வெப்பநிலை ஏறக்குறைய 120 பாகைக்குக் கீழிறங்கினால் இப்படிவு மிகும். முதலிற் பழுப்புநிற நீராய் வடிந்து, பின்னர்த் தாராய் இறுகி, ஈற்றிற் கண்ணாடிபோற் பளபளக்கும் இப்பொருளைப் புகைத்தார் என்போம். கிரியோசோட்டு என்பதும் இதுவே. இது நன்கு எரியும் பொருள். ஒருநாள் அடுப்பில் நெருப்பு மிஞ்சி ஒரு பொறி மேலெழுந்து இதனைப் பற்றினால், புகைபோக்கி முழுவதும் ஓர் ஊதுலையாய் மாறும். அதன் உள்ளே வெப்பம் 1,000 பாகையைத் தாண்டும். இரயில்வண்டி விரைந்து செல்வதுபோன்ற ஓசை கேட்கும். செங்கற் சாந்து வெடித்துப் பிளக்கும். அப்பிளவினூடே நெருப்பு எட்டிப்பார்க்கும் இடம், கூரையின் கைமரங்கள் சுவரில் ஏறியிருக்கும் இருண்ட முகட்டறை. கீழே உறங்குவோர் அதனை அறியும்போது கூரை எரிந்துகொண்டிருக்கும்.

பழைய புகைபோக்கி இத்துணைக்காலம் பற்றாதிருந்தது எவ்வாறு எனின், திறந்த கணப்பு ஊதாரியாயிருந்ததே காரணம். அது மிகுந்த வெப்பத்தையும் மிகுந்த காற்றையும் மேலே அனுப்பியதால் புகை தங்காது விரைந்து போயிற்று. உள்ளடுப்போ வெப்பத்தை அறையில் நிறுத்திக்கொண்டு, சிறிதளவு புகையையே மெல்ல மேலே விடுகின்றது. ஓர் எளிய கணக்கால் இதனை விளக்குவோம். பழைய புகைவழி 9 அங்குல அகலமும் 14 அங்குல நீளமும் உடையதெனக் கொள்க. அதன் பரப்பு 126 சதுர அங்குலம். உள்ளடுப்பின் வாய் 6 அங்குல விட்டமுள்ள வட்டம். அதன் பரப்பு 28 சதுர அங்குலத்துக்குச் சற்று மேல். வாய்க்காலில் விரைந்து வந்த நீர் குளத்தினுட் புகுந்து அசைவற்று நிற்பதுபோல, சிறிய வாயினின்று வரும் புகை நாலரை மடங்கு பெரிய வழியினுட் புகுந்து வேகம் தளரும், தளர்ந்து குளிரும், குளிர்ந்து படியும்.

புகையை மேலே இழுக்கும் விசை எத்துணைச் சிறிதென்பதையும் மனங்கொள்ளல் தகும். 20 அடி உயரமான புகைபோக்கியில் உள்ளே 150 பாகையும் வெளியே 12 பாகையும் இருப்பின், அவ்விழுவை 2 மில்லிமீற்றர் உயரமான நீர் தரும் அமுக்கத்துக்கே ஒப்பாகும். அப்புத்தளையின் உயரத்தில் வளி கடற்கரையினும் நூற்றுக்கு 15 பங்கு ஐதானது. எனவே இழுவையும் அவ்வளவு குறையும். வெப்பம் இழந்த புகைக்கு இச்சிறு விசையும் எஞ்சாது. அப்போது ஒரு காற்று எதிர்த்து வீசினாற் புகை அறைக்கே திரும்பும்.

இனிச் செய்யத்தக்கவற்றைக் கூறுவாம். முதலாவது, அடுப்பை வாங்குமுன் புகைபோக்கியை ஆராய்தல். பல்லாண்டு மூடிக்கிடந்த புகைபோக்கிகள் வெறுமையாயிருத்தல் அரிது. பறவைக்கூடு, விழுந்த செங்கல், சருகு ஆகியவற்றோடு, நம் மலைகளிற் குளவிக்கூடும் இருக்கலாம். குளவியின் கொடுமையைத் தோட்டத்து மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கூண்டு இருப்பதை அறியாமற் புகை மூட்டினால் அது வீட்டினுள்ளே இறங்கும். பின்னர் முகட்டறையில் ஏறி, விளக்கொளியிற் புகைபோக்கியின் வெளிப்புறத்தைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். கரிய கறை எங்கே படிந்திருக்கின்றதோ அங்கே புகை கசிகின்றது. கைமரமோ உத்தரமோ சுவரைத் தொட்டுநிற்பின், அல்லது பழைய தச்சர் செய்ததுபோற் சுவரினுள்ளேயே ஏறியிருப்பின், அதனை விலக்கியாக வேண்டும். மரத்துக்கும் புகைபோக்கிச் சுவருக்கும் இடையே 2 அங்குல வெளியேனும் விடுதல் மேனாட்டு விதி. கசிவை அறிய இன்னொரு வழியுமுண்டு. கணப்பில் ஈரவைக்கோலைக் கொளுத்திப் புகை எழுந்ததும் உச்சியை ஈரச்சாக்கால் மூடிவிட்டு, ஒருவர் முகட்டறையிலும் மற்றொருவர் பக்கத்தறையிலும் நின்று புகை எங்கே வருகின்றதெனக் காணலாம். இரண்டு அறைகளின் கணப்புகள் முதுகோடு முதுகாய் ஒரே தூணில் இருக்குமாயின், அவற்றின் வழிகள் உள்ளே தனித்தனியாக உள்ளனவா என்பதும் இதனால் விளங்கும். ஒரே வழியில் இரண்டு அடுப்புகளைச் சேர்த்தல் ஒருபோதும் ஆகாது.

பழைய மேசன்மார் புகைவழியின் உட்புறத்தைச் சாந்தால் மெழுகினர். பிரித்தானியாவில் அச்சாந்திற் சுண்ணாம்போடு சாணமும் கலப்பது வழக்கமாயிருந்தது. அந்நாட்டிலும் புதிய வீடுகளின் புகைபோக்கிக்குச் சுட்ட மண்குழாயோ அதற்கு நிகரான உட்பூச்சோ வேண்டுமெனச் சட்டம் கேட்டது 1960 களின் நடுப்பகுதியிலேதான். ஆகவே நம் பங்களாக்களின் புகைவழிகள் பெரும்பாலும் வெறுஞ் செங்கலும் நூறாண்டுச் சாந்துமாகவே இருக்குமென எதிர்பார்த்தல் நன்று. அச்சாந்து புகையின் அமிலத்தால் அரிக்கப்பட்டு, விரலால் தொட்டாலே உதிரும் நிலையிலிருக்கலாம்.

ஆதலால் இரண்டாவதும் தலையாயதுமான செயல், உட்குழாய் இறக்குதல். துருப்பிடிக்காத உருக்காலான குழாயொன்று, உள்ளடுப்பின் வாயினின்று புகைபோக்கியின் உச்சிவரை இடையறாது செல்லல் வேண்டும். விறகுப்புகைக்கு உருக்கின் தரம் 316 அல்லது 904 எனக் குறிக்கப்பட்டதாயிருத்தல் நன்று. குழாயின் விட்டம் அடுப்பின் வாயினும் குறையலாகாது. மிகப் பெருகவும் ஆகாது. குழாயைச் சுற்றித் தீப்பற்றாத காப்புப்பொருள் இருப்பின் புகை சூடாயிருக்கும்; இழுவை வலுக்கும்; படிவு குறையும். கீழே, கணப்பின் கழுத்தில், குழாயைச் சுற்றியுள்ள வெளியை உருக்குத் தகட்டால் அடைத்தல் வேண்டும். இன்றேல் அறையின் வெப்பம் அவ்வழியே மேலே ஓடிவிடும். செலவுக்கு அஞ்சிச் சிலர் உள்ளடுப்பைக் கணப்பினுள் தள்ளிவிட்டு, அதன் வாயை வெறும் புகைக்குழியை நோக்கி விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் ஒரு முழ நீளக் குழாய்த்துண்டை வைத்து மனம் ஆறுகின்றனர். மேலே நாம் சொன்ன கேடுகள் அனைத்தும் இவ்விரு முறைகளாலும் வருவனவே. அடுப்பும் உட்குழாயும் சேர்த்து வாங்கப் பணம் போதாதெனின், பணம் சேரும்வரை பழைய கணப்பையே எரித்தல் மேல் என்பது நம் கருத்து. அதுவும் மேலே சொன்ன ஆராய்வும் துப்புரவும் முடிந்த பின்னரே.

கல்நார்ச் சீமெந்துக் குழாயைப்பற்றி ஒரு சொல் கூறாதிருத்தல் இயலாது. நம் ஊர்ச் சமையலறைகளில் அதனைப் புகைபோக்கியாக வைக்கும் வழக்கமுண்டு. திறந்த மண்ணடுப்பின் ஆறிய புகைக்கு அது ஒருவாறு தாங்கினும், மூடிய அடுப்பின் வெப்பத்தில் வெடிக்கும். நாகம் பூசிய தகரக் குழாயும் ஆகாது. மிகுந்த வெப்பத்தில் அப்பூச்சு நச்சாவியாகும். எஞ்சிய தகரம் சில ஆண்டுகளில் துருவேறிப் பொத்தலாகும்.

உச்சியைப்பற்றி: கூரையைப் பிளந்து வெளிவரும் இடத்தினின்று 3 அடிக்குக் குறையாமலும், பக்கத்தே 10 அடிக்குள் உள்ள கூரைமுகட்டினும் 2 அடிக்குக் குறையாமலும் புகைபோக்கி உயர்ந்திருத்தல் வேண்டுமென்பது அமெரிக்க விதி. அப்புத்தளைக் கணவாயில் வீடுடையோர் இதனைக் குறைந்த அளவென்றே கொள்ளல் வேண்டும். ஆனி தொடங்கி ஆவணி வரை அங்கே வீசும் கச்சான் மலைமுகட்டைத் தாண்டிக் கீழ்நோக்கிப் பாய்வது. மேட்டின் அடியிலுள்ள வீட்டுப் புகைபோக்கியினுள் அது நேரே இறங்கும். அத்தகைய வீடுகளுக்கு உயரத்தைக் கூட்டுதலும், காற்றைத் தடுக்கும் தொப்பி வைத்தலும் வேண்டும். தொப்பியில் வலையிட்டாற் பறவை புகாது. ஆனால் வலையிலேயே புகைத்தார் படிந்து அடைக்குமாதலால் அடிக்கடி பார்த்துவரல் தகும்.

கணப்பின் அடித்தளமும் கவனிக்கத்தக்கது. உள்ளடுப்பு இரண்டு மூன்று ஆட்களின் நிறையுடையது. பலகைத் தளமுள்ள பங்களாக்களிற் கணப்பின் கல் எதன்மீது நிற்கின்றதென அறியாது அந்நிறையை ஏற்றலாகாது. கதவின்முன் 18 அங்குலத்துக்கும் பக்கங்களில் 8 அங்குலத்துக்கும் குறையாமற் கல்லோ ஓடோ பாவியிருத்தல் வேண்டும். பலகைத் தளத்தின்மேல் ஒரு தகரத்தை மட்டும் விரித்தல் போதாது; தகரம் பொறியைத் தடுக்குமேயன்றி வெப்பத்தைத் தடாது. நாற்காலி, திரைச்சீலை, விறகுக்கூடை முதலியன 3 அடிக்கு அப்பால் நிற்கட்டும். அடுப்போடு வரும் தகட்டில் தயாரித்தோர் இவற்றினும் கூடிய அளவுகள் குறித்திருப்பின் அவையே விதி. பழைய அடுப்பொன்றை வாங்குவோர், கதவைச் சுற்றியுள்ள கயிறு கல்நாரால் ஆயதா என்பதையும் ஐயுறல் வேண்டும். ஆயின் அதனை உலர்ந்தவாறே சுரண்டாது, நனைத்து அகற்றிக் கண்ணாடிநார்க் கயிறு இடுக.

அடுப்பின் அளவைத் தேர்வதிற் பெரியதை விரும்புதல் மனித இயல்பு. பிரித்தானியாவில் 14 கன மீற்றருக்கு ஒரு கிலோவாற்று என ஒரு கைக்கணக்குண்டு. 20 அடி நீளமும் 16 அடி அகலமும் 12 அடி உயரமுமுள்ள நம் பங்களா அறை 109 கன மீற்றர் கொள்ளும். அக்கணக்கின்படி 8 கிலோவாற்று வேண்டும். ஆனால் அது நீர் உறையும் நாட்டுக்கு வகுத்த கணக்கு. நம் இரவுகளுக்கு 5 கிலோவாற்றே அமையும். பெரிய அடுப்பை வாங்கினோர் வெப்பம் தாளாது காற்றுவழியை அடைத்துவிடுவர். அடைத்த அடுப்பு இரவெல்லாம் புகைந்து தாரைச் சேர்க்கும். சிறிய அடுப்பு சுவாலையோடு எரிவதே வீட்டுக்கு நலம்.

காற்றைப்பற்றிச் சொல்லவேண்டியது பிறவெல்லாவற்றினும் பெரிது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையிற் கூதிர்க்காலத்துக் குளிருக்கு அஞ்சி மாடத்தார் கதவுகளைத் தாழிட்டு, தடவு என்னும் அகன்ற வாயுள்ள கலத்தில் நெருப்பிட்டுக் காய்வதை நக்கீரர் காட்டுகின்றார். தடவை இந்தளம் என்பர் உரைகாரர். நம் தோட்டங்களில் அதுவே தணற்சட்டி. இரண்டாயிரம் ஆண்டை எட்டும் வழக்கமாயினும், தாழிட்ட கதவையும் தணற்சட்டியையும் ஒருங்கு சேர்த்தல் உயிருக்கு உலைவைப்பதாகும். தணலில் புகையில்லை; ஆதலாற் கேடில்லை என்று நம்புகின்றனர். காற்றுப் போதாத தணலிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் வாயு பிறக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிவுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதினும் 200 மடங்குக்கு மேலாக அதனைப் பற்றும். முதலில் தலைவலியும் மயக்கமும் வாந்தியும் உண்டாம். உறங்குவோர்க்கு அவ்வறிகுறிகளும் தெரியா. பிள்ளைபெற்ற தாய்க்கும் சேய்க்கும் குளிராகாதென்று, சாளரமில்லாத அறையிற் சட்டியை வைத்துக் கதவடைப்பதை மலைநாட்டில் இன்றும் காண்கின்றோம். இவ்வழக்கத்தை நம் மாணவர் தத்தம் வீட்டிற் பேசி நிறுத்துதல் வேண்டும். சட்டி வெளியே எரியட்டும். அறைக்குள் வெந்நீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றி வைக்கலாம்.

உள்ளடுப்பும் இவ்விதிக்கு விலக்காகாது. அது உண்ணும் காற்று எங்கிருந்தேனும் வரல் வேண்டும். பழைய பங்களாவின் கதவிடுக்குகள் போதிய காற்றைத் தந்துவந்தன. விடுதியாக்குவோர் அவற்றையெல்லாம் அடைத்துக் கண்ணாடி மாட்டி, சமையலறையிற் காற்றை வெளியேற்றும் விசிறியையும் வைத்துவிடுகின்றனர். அவ்விசிறியின் இழுப்பு, நாம் முன்னே கணக்கிட்ட 2 மில்லிமீற்றர் இழுவையை எளிதில் வெல்லும். வென்றாற் புகைபோக்கி தலைகீழாய்ப் பாயும். பழைய வீடுகளுக்குப் பிரித்தானிய விதி 5 கிலோவாற்றுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவாற்றுக்கும் 550 சதுர மில்லிமீற்றர் அளவான மூடமுடியாத காற்றுத்துளை கேட்கின்றது. 8 கிலோவாற்று அடுப்புக்கு அது ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் சதுரமான துளையே. அத்துளையாற் குளிர் வருகின்றதென்று விருந்தினர் பஞ்சடைப்பதுண்டு; விடுதி நடத்துவோர் நாள்தோறும் பார்த்தல் வேண்டும். காபனோரொட்சைட்டை அறிந்து ஒலியெழுப்பும் சிறு கருவிகள் இன்று கிடைக்கின்றன. அடுப்புள்ள அறையிலும் அதனை அடுத்த படுக்கையறையிலும் ஒவ்வொன்று வைத்தல் வீண்செலவாகாது.

பங்களாவின் புகையை இத்துணை விரித்தபின் லயத்தின் புகையை விட்டுவிடுதல் நேர்மையாகாது. ஒரே மலையில், ஒரே காலத்தில், ஒரே தோட்டப் பணத்திற் கட்டியவையாயினும், துரையின் மூன்று அறைக்கு மூன்று புகைபோக்கி வைத்தோர், பத்துக் குடும்பம் வாழும் லயத்துக்கு ஒன்றேனும் வைத்திலர். முதுகோடு முதுகான இரட்டை லயத்திற் பின்சாளரத்துக்கும் இடமில்லை. இஸ்தோப்பின் ஒரு மூலையிலோ காம்பராவுக்குள்ளேயோ எரியும் அடுப்பின் புகை, தகரத்தின் இடுக்கால் தானே வழி தேடியது. கொழுந்துக்குச் செல்லுமுன் விடியலில் எழுந்து அடுப்பூதிய நம் தாய்மாரின் இருமலும் கண்ணெரிவும் அதன் பயன். 1980 களில் இந்நாட்டிற் பரப்பப்பட்ட அனகி அடுப்பு ஒரே உடலாய் வனைந்த இருவாய்க் களிமண் அடுப்பு. விறகையும் புகையையும் அது குறைத்தது. எனினும் குறைந்த புகையும் புகையே. அதற்கும் ஒரு வழி வேண்டும். இன்று 7 பேர்ச் நிலத்தில் தனிவீடு கட்டுவோர், சமையலறைச் சுவர் எழும்போதே புகைபோக்கிக்கும் இடம் விடுதல் நன்று; கூரை போட்டபின் தகரத்தை வெட்டுவது செலவும் ஒழுக்குமாம். லயத்தில் எஞ்சியிருப்போர்க்கு நாம் கூறத்தக்கது ஒன்றுண்டு: ஒரே கூரையின்கீழ் உள்ள வீடுகளில் ஒருவர் தம் விருப்பப்படி குழாய் செருகினால் அதன் தீங்கு வரிசை முழுவதற்கும் ஆகும். குழாய் மரத்தைத் தொடாது செல்கின்றதா என்பதை அயலவரும் சேர்ந்து பார்த்தல் வேண்டும்.

விறகின் செய்தி சிறிது. பச்சை விறகின் நிறையிற் பாதியளவு நீரே. 10 கிலோ பச்சை விறகை இடுவோர், 5 லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்யும் வேலையையும் அவ்வடுப்புக்கு இடுகின்றனர். நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைந்த ஈரமே உள்ளடுப்புக்கு ஏற்றது. ஊவாவுக்கு இயற்கை இதிற் பேருதவி செய்கின்றது. வடகீழ்ப் பருவமழை ஐப்பசி தொடங்கித் தை வரை பொழியும். மாசியில் வெட்டிப் பிளந்து அடுக்கினால், உவாத் தேயிலைக்கு மணம் ஊட்டும் அதே உலர்காற்று ஆடி, ஆவணியில் விறகையும் உலர்த்திவிடும். மேலே தகரம் மூடிப் பக்கங்களைத் திறந்துவிடல் வேண்டும். நிழலுக்காக நட்ட சவுக்கு மரம் (தோட்டத்தார் சவுக்கென்பது நூலோர் கிரெவில்லியா என்பதனையே) விரைவில் உலரும். யூக்கலிப்டஸ் நன்கு எரியும். ஆனால் ஈரமாயிருக்கும்போதே பிளந்துவிடல் வேண்டும், உலர்ந்தபின் கோடரிக்கு அடங்காது. கவ்வாத்து வெட்டிய மிலாறு சிறிதாயினும் வலிய விறகு. தீ மூட்டுவதற்கு அதனினும் நல்லது நாமறியோம். உலர்ந்ததா என்பதை அறியக் கருவி வேண்டியதில்லை. ஒரு துண்டைக் குறியிட்டு வைத்துக் கடைத்தராசில் வாரந்தோறும் நிறுத்து வருக. நிறை குறைவது நின்றுவிட்டால் அது உலர்ந்தது.

எரிக்கும்போது முதலில் ஒரு கடதாசித் தாளைக் கொளுத்திப் புகைவாயிற் பிடித்துக் குளிர்ந்த குழாயைச் சற்றுச் சூடாக்குக. பின்னர்ச் சிறு விறகைச் சுவாலையோடு எரித்து, சுவாலை நிலைத்தபின்னரே காற்றுவழியைச் சிறிது ஒடுக்குக. கண்ணாடி கறுப்பின் காற்றுக் குறைந்ததென்றோ விறகு ஈரமென்றோ உணர்க. வெறும் புகைக்குப் பயந்து கதவைத் திறந்துவைத்து எரித்தலும், குப்பையையும் நெகிழியையும் பூச்சுப்பூசிய பலகையையும் அதனுள் இடுதலும் கூடா. புகைபோக்கி தீப்பற்றிய ஓசை கேட்பின் நீர் ஊற்றற்க. காற்றுவழிகளை எல்லாம் அடைத்து, வீட்டாரை வெளியேற்றி, தீயணைப்பாரை அழைக்க. அதன்பின் உட்குழாயை ஆராயாது மறுபடி மூட்டலாகாது.

ஆண்டுக்கு ஒருமுறை, நாள்தோறும் எரிப்போர் இருமுறை, குழாயைத் தூரிகையால் துடைத்தல் வேண்டும். படிவு 3 மில்லிமீற்றர் தடித்துவிட்டால் ஆண்டு முடிவதற்குக் காத்திருத்தல் தகாது. கச்சான் ஓய்ந்து மழை தொடங்காத புரட்டாதி மாதம் இதற்கு ஏற்றது. கூரை ஈரமின்றி ஏறுவோர்க்கும் வசதியாயிருக்கும். சாம்பலுக்குள் தணல் இரண்டு மூன்று நாள் உயிரோடிருக்கும். அதனைச் சாக்கிலோ காகிதப் பெட்டியிலோ கட்டி விறாந்தையில் வைப்போர் உளர். மூடியுள்ள இரும்பு வாளியில் இட்டு, வீட்டுக்கு வெளியே கல்லின்மேல் வைத்து, நன்கு ஆறியபின் லீக்ஸ் பாத்திக்கு எடுத்துக்கொள்ளலாம்.